ஒரே குழியில் இரண்டு வயர்

கோபம் வரவர அந்த அக்காவின் பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போகும். சாதாரணமாகப் பேசும்போது கொங்கு நாட்டுக்காரர்கள் எல்லோரையும் போல அங்கங்கே ஒரு 'ங்க' போடுவார். சூடு ஏறினால் வார்த்தைக்கு வார்த்தை வரும். "ஏனுங்க, இதையத்தானுங்களா இத்தன நாளா பண்ணீட்டிருந்தீங்கங்க?" என்று கேட்டார் என்றால் எதிரில் நிற்கிற ஆளுக்குச் சட்டை நனைந்துவிடும். நான் தெற்கே சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். எங்கள் ஊரில் கோபம் வந்தால் 'ஏட்டி' என்று ஆரம்பித்து ஏழு தலைமுறையை இழுப்போம். மரியாதையாகத் திட்டினாலும் வலிக்கும் என்று நான் திருப்பூருக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவர் எங்கள் பனியன் கம்பெனியில் நெட்வொர்க் எஞ்சினியர். கணியூர்க்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் எப்போதும் ஒரு பை, பைக்குள் வயர் வெட்டும் குறடும் சாப்பாட்டு டப்பாவும். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போதும் இந்தப் பக்கத்தில்தான் வேறொரு இடத்தில் வேலை பார்க்கிறார். யாராவது அங்கே போய்ப் பற்றவைத்துவிடுவார்கள், பற்றவைப்பதற்கு இந்த ஊரில் ஆளா இல்லை? ஆபீஸ் ஆண்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரையும் எழுத முடியாது. எதைக் கண்டாலும் பிடுங்கிப் பார்ப்பார் என்பதால் வந்த பெயர் அது. அதைச் சொல்லிச் சிரித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது.

எங்கள் கம்பெனி மங்கலம் போகிற சாலைக்கு இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு பக்கம் ஆபீஸ், கட்டிங், பேக்கிங். எதிர்ப்பக்கம் தையல் யூனிட், அதை ஒட்டி நாங்கள் தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டல். சாலைக்கு அடியில் போகிற கேபிள்தான் இரண்டு பக்கத்துக்கும் தொடர்பு. எனக்கு பேக்கிங்கில் பார்கோடு ஸ்கேன் பண்ணுகிற வேலை. கருவியைக் காட்டினால் சைஸும் கலரும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறும். ஏறினால்தான் பெட்டிக்கு லேபிள் வரும், லேபிள் வந்தால்தான் பெட்டி வண்டியில் ஏறும்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வாசலில் கன்டெய்னர் நிற்கிறது, சூப்பர்வைசர் எங்கள் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார், அந்த நேரம் பார்த்து எல்லாக் கருவியும் நின்றுபோனது. பாதி ஸ்கேன் பண்ணிய பெட்டிகளை எல்லாம் திரும்பப் பிரிக்க வேண்டியதாயிற்று. யார் செய்த வேலை என்று விசாரித்தால், புதிதாக வந்த மேடம்தான் வயரைப் பிடுங்கினாராம்.

நடந்தது இதுதான். எல்லா வயரும் வந்து சேர்கிற பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். அது ஒன்று படுத்தால் கம்பெனியே படுத்துவிடும் என்பதால் ஜோடியாக வைப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று விடாமல் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒன்று பேச்சை நிறுத்தினால் மற்றது உடனே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கம்பெனியிலும் ஒரு ஜோடி இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வந்தால் கண்ணாடிக் கதவைத் திறந்து பெருமையாகக் காட்டுவார்கள். இரண்டிலும் பச்சை விளக்கு மினுக்கும், இரண்டுக்கும் சந்தனப் பொட்டு. அக்கா முதல் பெட்டியின் கரண்ட் வயரைப் பிடுங்கினார். இரண்டாவது அசையவே இல்லை. வாங்கி வைத்த நாளிலிருந்து யாரும் அதற்கு ஒரு வேலையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பொட்டு வைத்துக்கொண்டு சும்மா எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

"வேலை நேரத்துல எதுக்கு மேடம் புடுங்குனீங்க?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"வேலை இல்லாத நேரத்துல புடுங்குனா உங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார் அக்கா.

பிறகு நேராக என்னிடம் வந்தார். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். "எம்மேல கோவிச்சுக்கோ கண்ணு, தப்பில்ல. இன்னிக்கு நானா நிறுத்துனேன், பக்கத்துலயே நின்னேன், உடனே மாட்டிட்டேன். அதுவா நின்னா நீ யாரைப் போய்க் கோவிப்பே?" என்றார். அன்றைக்கு எனக்கு அது திமிர்ப் பேச்சாகத்தான் பட்டது.

ஆனால் அதற்கப்புறம் அவர் எத்தனை தடவை பிடுங்கினாலும் என் கருவி நின்றதில்லை. கண்ணாடி அறையில் ஒரு பெட்டியை அணைத்துவிட்டு பேக்கிங்குக்கு நடந்து வருவார். "ஏதாச்சும் தெரிஞ்சுதா கண்ணு?" என்பார். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே சில சமயம் லேசாக நின்ற மாதிரி இருந்தது என்று பொய் சொல்லி அவரைப் பதற வைப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் படைத்து ஓய்வு கொடுக்கிற நாள். சர்வர் ரூமையும் மொத்தமாக அணைத்துவிடுவதுதான் அதுவரை வழக்கம். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். "ஒண்ணு சாமி கும்பிடட்டும், இன்னொண்ணு வேலை பாக்கட்டும். அப்புறம் மாத்திக்கலாமுங்க" என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பூஜை போட வைத்தார். வயரைக் கழற்றும் வேலையைச் சின்ன முதலாளி கையிலேயே கொடுத்தார். பெரிய முதலாளியின் மருமகன் அவர், நிர்வாகம் முழுக்க அவரிடம்தான். பயந்துகொண்டே கழற்றியவர், எதுவும் நிற்கவில்லை என்றதும் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். அந்தக் கைதட்டலை நானும் நம்பினேன், அதுதான் இப்போது எரிகிறது.

வயரோடு நிறுத்திக்கொள்கிறவர் இல்லை அவர். ஒருநாள் எங்கள் மெஸ்ஸில் டீ குடிக்க வந்தார். சமையல்காரர் உபரி சிலிண்டர் தயாராக இருப்பதாகச் சொல்ல, எழுந்து போய் அதைத் தூக்கிப் பார்த்தார். ஒற்றைக் கையில் வந்துவிட்டது, காலி. "இதுக்கு எதுக்குங்க உபரின்னு பேருங்க?" என்று அவர் கேட்டபோது அந்த மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஹாஸ்டல் ஜெனரேட்டரைப் போடச் சொன்னார், டீசல் இல்லை. மாடியில் தொங்கிய தீயணைப்பு வாளியில் மணலுக்குப் பதிலாக நாங்கள் எறிந்த சாக்லேட் காகிதம்தான் இருந்தது. அன்று எங்களுக்கும் கிடைத்தது திட்டு, தாராளமாக.

அடுத்து சாலைக்கு அடியில் போகிற கேபிளில் கை வைத்தார். பெட்டி இரண்டாக இருந்து என்ன, எதிர்ப்பக்கத்துக்குப் போகிற பாதை ஒன்றுதானே? இரண்டாவது கேபிள் வேறு வழியில் போக வேண்டும் என்று நடந்து நடந்து ஒரு பாதை கண்டுபிடித்தார். பின்புறத் தென்னந்தோப்பு ஓரமாகப் போய், சின்னப் பாலத்துக்கு அடியில் புகுந்து, ஹாஸ்டல் காம்பவுண்டின் தென்மேற்கு மூலையில் ஏறும். தோப்புக்காரரிடம் அவரே போய்ப் பேசி அனுமதியும் வாங்கிவிட்டார். சின்ன முதலாளியும் தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில் அக்காவின் அப்பா இறந்துபோய் அவர் ஊருக்குப் போனார். காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. சாலையோரம் இரண்டு குழாய் எட்டிப் பார்த்தன, ஒன்று ஆரஞ்சு, ஒன்று நீலம். இரண்டும் ஒரே குழியில். தென்மேற்கு என்பது கன்னி மூலையாம். கன்னி மூலையில் பள்ளம் தோண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று வாஸ்து பார்ப்பவர் சொல்லிவிட்டாராம். அதனால் பழைய குழியையே தோண்டி, பழைய கேபிள் பக்கத்திலேயே புதியதையும் படுக்க வைத்துவிட்டார்கள். நிறம் வேறு வேறாக இருந்தால் இரண்டு பாதை என்று கணக்காம்.

அக்கா அந்தக் குழிக்கருகே நின்றதை நான் பார்த்தேன். தலைக்கு எண்ணெய் வைக்காத, துக்க வீட்டிலிருந்து வந்த முகம். நேராக ஆபீஸுக்குள் போனார். வெளியே போக அவுட்பாஸ் கேட்டு நானும் அப்போது சின்ன முதலாளியின் அறை வாசலில் நின்றிருந்தேன். எங்கள் ஹாஸ்டல் கதவு அப்படித்தான். விரல் ரேகை வைத்தால் அது சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கேட்கும். ஷிப்ட் நேரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட்பாஸ் ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளேயிருந்து திறக்கும்.

"சாருங்க, குழி போனது போச்சுதுங்க. அந்த ஒரே குழிய நம்பித்தானுங்க ஹாஸ்டல் கதவும் இருக்குது. லைன் அந்துச்சுன்னா கதவு தானா தொறக்கற மாதிரி மாத்தீர்றேனுங்க" என்றார் அக்கா.

"தானா தொறந்துட்டா? ஏதாச்சும் ஒரு பொண்ணு வெளிய போயிட்டா அவங்க ஊட்டுல யாருங்க பதில் சொல்றது? அவங்க பாதுகாப்புக்குத்தானே மேடம் கதவே போட்டிருக்கோம்?"

"உங்க ஊட்டுக் கதவு யாரைக் கேட்டுங்க தொறக்குதுங்க?"

சின்ன முதலாளி சிரித்தார். "அப்படியே லைன் போனாலும் சாவின்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? யாராவது வந்து தொறந்துவிட்டுருவாங்க."

"யாராவதுன்னு நம்ம கம்பெனில ஆள் இருக்குதுங்களாங்க? இருந்தா பேரைச் சொல்லுங்க. எந்த ஷிப்டுங்க அவருக்கு? அவரு லீவு போட்டா அடுத்து யாருங்க?"

"மேடம், நீங்க நெட்வொர்க்கப் பாருங்க. கதவ நான் பாத்துக்கறேன்."

அக்கா வெளியே வந்தார். என் கையிலிருந்த அவுட்பாஸ் சீட்டைப் பார்த்தார். சோப்பு வாங்கப் போவதற்கு இருபது வயதுப் பெண் கையெழுத்துக் கேட்டு நிற்கிறாள். "கோழிக்கூண்டு கண்ணு, கோழிக்கூண்டு" என்றார். அதில் ஒரு 'ங்க'கூட இல்லை.

அதற்கப்புறம் மழைக்காலம். சாலையோரம் சாக்கடை தோண்ட பொக்லைன் வண்டி வந்தது. அந்த வாரம் எனக்கு மதிய ஷிப்ட். அறையில் நானும் மினதியும் இருந்தோம். ஒடிசாவிலிருந்து வந்தவள், ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுவாள், மூச்சிரைப்புக்காரி. காலையிலிருந்தே இழுப்பு இருந்தது. உறிஞ்சுகிற மருந்து தீர்ந்துபோயிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் நிலைமை மோசமாகி, உதடு ஒரு மாதிரி நிறம் மாற ஆரம்பித்தது. பக்கத்து அறைப் பெண்ணும் நானுமாக அவளைக் கீழே தூக்கி வந்தோம். நான் விரலை வைத்தேன். கருவி யோசித்தது, சிவப்பு எரிந்தது. மறுபடி வைத்தேன், சிவப்பு. யார் விரல் வைத்தாலும் சிவப்பு.

வெளியே வாட்ச்மேன் தாத்தா கண்ணாடி வழியே பார்த்தார். "சாவி சின்ன மொதலாளி காருல இருக்குது சாமி. அவரு அவிநாசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கறாரு. கூப்பிட்டேன், எடுக்கல" என்றார். கையைப் பிசைந்தார். நான் கதவை உதைத்தேன். அது கெட்டிக் கண்ணாடி, ஆடிட்காரர்கள் பாராட்டிய கண்ணாடி. வார்டன் அம்மா ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். மினதி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், பிடி தளர்ந்துகொண்டே வந்தது. அப்போது எனக்குப் பயம் வரவில்லை. கொலைவெறி வந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். பொக்லைன் ஒரே அள்ளில் ஆரஞ்சையும் நீலத்தையும் சேர்த்து வாரியிருக்கிறது. தையல் யூனிட்டில் லைன் இல்லை, தைத்த கணக்கு ஏறவில்லை என்று ஆளாளுக்கு அக்காவைச் சுற்றிக் கத்தியிருக்கிறார்கள். அவர் எழுந்து ஓடியிருக்கிறார். மினதி பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கதவு திறக்காது என்று மட்டும் தெரியும், அது போதுமாக இருந்திருக்கிறது.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லாரிகளுக்குக் கையைக் காட்டி நிறுத்தி, சாலையைக் கடந்து அவர் வருவதை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். "எக்கா, தொறக்க மாட்டேங்குக்கா! பிள்ளைக்கு மூச்சு முட்டுது!" என்று கத்தினேன். அவர் மினதியைப் பார்த்தார். கதவைத் தொடவே இல்லை. வாட்ச்மேன் கூண்டுக்குள் அந்தச் சாவியால் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் பேட்டரி. அதிலிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு வெள்ளை வயர் கதவின் காந்தப் பூட்டுக்குப் போகிறது. அந்தக் கரண்ட் இருக்கிறவரைதான் காந்தம் கதவைப் பிடித்திருக்கும். கரண்ட் போய்விட்டால் விட்டுவிடும்.

"அதைத் தொடாதீங்கம்மா, எனக்கு வேலை போயிரும்" என்றார் தாத்தா.

"போகாதுங்க சாமி, எனக்குத்தானுங்க போகும்" என்றார் அக்கா. வயரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுவரில் ஒரு காலை ஊன்றிப் பிடுங்கினார். ஆணிகளும் சுண்ணாம்பும் உதிர்ந்தன. கதவில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, நான் சாய்ந்திருந்த கண்ணாடி வெளிப்பக்கம் திறந்துகொண்டது.

அவருடைய ஸ்கூட்டரில் மினதியை நடுவில் வைத்து நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்து கொடுத்தபின் அவள் கண் திறந்தாள். டாக்டரம்மா எங்களைத் திட்டினார். இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். கதவு திறக்கவில்லை என்றேன். "யாரும்மா உங்களைப் பூட்டுனது?" என்று கேட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் வயர் அறுத்த கோட்டில் ரத்தம் கசிந்திருந்தது.

மறுநாள் என்னையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். எங்களிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் கம்ப்யூட்டர் திரையில் இருந்தார், விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருந்தது. சின்ன முதலாளி நல்ல இங்கிலீஷில் விளக்கினார். அதைப் புரிந்துகொள்கிற அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். எங்கள் எஞ்சினியர் இரண்டு கேபிளையும் ஒரே குழியில் போட்டுவிட்டார், அவரை நீக்கியாகிவிட்டது என்றார். அக்கா அந்த அறையில்தான் நின்றிருந்தார். நீக்கியாகிவிட்டது என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியும். வாயைத் திறப்பார், 'ங்க' மேல் 'ங்க' வைத்துக் கிழிப்பார் என்று நான் காத்திருந்தேன். "சரிங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கன்னி மூலை என்று நான் ஆரம்பித்ததும் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அக்காமீதும் எனக்குக் கோபம்தான். சிலிண்டருக்கு அவ்வளவு பேசினவர் தனக்கு வந்தபோது ஏன் பேசவில்லை? அப்பா போய் ஆறாத துக்கமா, அடுத்த வேலை கிடைக்காது என்ற பயமா, எனக்குத் தெரியாது. அன்று மாலையே எலக்ட்ரீஷியன் வந்து வெள்ளை வயரைப் பழையபடி மாட்டி, மேலே புது பிளாஸ்டிக் பட்டை அடித்துவிட்டுப் போனார். குழி மூடியாகிவிட்டது. ஆரஞ்சும் நீலமும் மறுபடி அதே குழியில்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கதவு திறந்த கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினார்கள். அதற்கடுத்த நாளும் தொங்கியது. உயரத்தில் மாட்டினார்கள், மெஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டூல் வாசலுக்கு வந்தது. கேமராவைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், சிக்கனம் பார்த்து கேமராவுக்கும் அதே வயரிலிருந்துதான் கரண்ட் எடுத்திருந்தார்கள். சின்ன முதலாளி நேரில் வந்து எங்களை வரிசையாக நிற்க வைத்தார். வாட்ச்மேன் தாத்தா, தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நாங்கள் ஒவ்வொருத்தியாகத் தெரியாதுங்க என்றோம். தமிழே சரியாக வராத மினதி, தெம்பாக நிமிர்ந்து நின்று, "தெரியாதுங்க சாருங்க" என்றாள். சம்பளத்தைப் பிடிப்பேன் என்றார். எல்லோருக்கும் பிடித்தால் நாளைக்கு லைனில் யார் உட்காருவது என்று அவருக்கே தெரியும்.

இதைச் சொல்லத்தான் அக்காவுக்குப் போன் பண்ணினேன். கைதட்டுவார் என்று நினைத்தேன். கேள்விதான் வந்தது.

"இன்னிக்கு யாரு கண்ணு புடுங்குனது?"

"காளீஸ்வரிக்கா."

"அவ ஊருக்குப் போயிட்டா அடுத்து யாரு?"

"அதெல்லாம் யாராவது..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பேரைச் சொல்லு கண்ணு."

சொன்னேன். மினதி. ஜெபமணி. பேச்சியம்மாள். ரூபா. தாராபுரத்துச் சுகந்தி, ஓட்டன்சத்திரத்துச் சுகந்தி. மம்தா. கண்ணை மூடிக்கொண்டு அறை அறையாக நடந்து நடந்து சொன்னேன். கீழ்த்தளம் முடிந்து முதல் மாடியில் கடைசி அறைக்கு வந்தபோது அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நிறுத்தினேன்.

"இன்னும் ஒரு மாடி இருக்குக்கா" என்றேன்.

"நிறுத்தாதே, சொல்லு" என்றார்.